இளம் விளையாட்டு வீரர்கள் களத்திலேயே சரிவது ஏன்? ஈசிஜி நார்மல் என்றால் போதுமா?

தடகள_கோச்:

அனைவருக்கும் வணக்கம். போட்டிகளுக்காகப் பயிற்சி எடுக்கும் 14 முதல் 20 வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றிய கேள்வி இது. புகை இல்லை, சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை. தினமும் இரண்டு மணி நேரம் ஓடிப் பழகிய உடம்பு. அப்படிப்பட்டவரின் இதயம் திடீரென்று நிற்பது எப்படி? செய்திகளில் எல்லாவற்றையும் "மாரடைப்பு" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள், காரணம் புரிவதில்லை.

எந்தெந்த நோய்கள் இதற்குப் பின்னால் இருக்கின்றன? அவற்றில் எதை ஈசிஜி காட்டும், எதைக் காட்டாது? "எல்லாம் நார்மல்" என்று ரிப்போர்ட் வந்த ஒருவரை எந்த அளவுக்கு நம்பிக் களமிறக்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.


இதயவியல்_மருத்துவர்:

முதலில் அந்தச் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். மாரடைப்பு என்பது ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு இதயத்தசை சாவது. நீங்கள் கேட்பது இதய நிறுத்தம், கார்டியாக் அரெஸ்ட். பெரும்பாலும் அது மின்சாரக் கோளாறு. கீழறைகள் ஒழுங்காகச் சுருங்குவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கும். மூளைக்கு ரத்தம் போகாது, பத்துப் பதினைந்து நொடிக்குள் நினைவு தப்பிவிடும். 35 வயதைத் தாண்டியவர்களில் இதற்கு மூலகாரணம் பெரும்பாலும் குழாய் அடைப்பு. அதற்குக் கீழே பெரும்பாலும் பிறவியிலோ மரபிலோ வந்த கோளாறு. விளையாட்டு புதிதாக நோயைக் கொடுப்பது அபூர்வம். உள்ளே இருக்கும் நோயை அட்ரினலினும் நீர்வறட்சியும் ஏறிய துடிப்பும் சேர்ந்து தூண்டிவிடுகின்றன.

அதிகம் பேசப்படுவது ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி, அதாவது இதயத்தசைத் தடிப்பு. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு அந்த மரபணு மாற்றம் இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு. தசை தடிப்பது மட்டுமல்ல, அதன் இழைகள் தாறுமாறாகப் பின்னிக்கிடக்கும், நடுநடுவே தழும்பும் இருக்கும். இதயத்தின் மின் அலை நேராகப் போகாமல் சுழல்வது அங்கேதான். 2003 ஜூன் 26 அன்று லியோன் நகரில் கொலம்பியாவுக்கு எதிரான அரையிறுதியில் சரிந்து இறந்த கேமரூன் கால்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோவுக்கு இந்த நோய்தான் இருந்தது. பெரும்பாலோருக்கு ஈசிஜியில் ஏதாவது ஒரு மாற்றம் தெரிந்துவிடும். குறிப்பாக நெஞ்சின் இடப்பக்கம் ஒட்டும் வி5, வி6 லீடுகளில் டி அலை (ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கீழறைகள் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்புவதைக் காட்டும் மேடு) தலைகீழாக இருந்தால் "விளையாட்டு வீரர் இதயம் அப்படித்தான் இருக்கும்" என்று விடவே கூடாது. எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், எடுக்க வேண்டும். எக்கோவில் உச்சிப்பகுதி சரியாகத் தெரியவில்லை என்றால் இதய எம்ஆர்ஐ.

அடுத்தது வலது கீழறையைப் பிடிக்கும் அரித்மோஜெனிக் கார்டியோமயோபதி. தசை செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதங்கள் பலவீனமாக இருப்பதால், இழுவிசை கூடக்கூட செல்கள் பிரிந்து, அந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் நிரப்பிவிடும். நான் மேலே "அபூர்வம்" என்று எழுதியது இதை நினைத்துத்தான். இந்த ஒரு நோயில் உடற்பயிற்சியே நோயை வளர்க்கிறது. நீண்ட தூர ஓட்டம், சைக்கிள் போன்றவற்றில் பல ஆண்டுகள் இருப்பவருக்கு நோய் முன்கூட்டியே வெளிப்படும். ஆகவே இங்கே பயிற்சியைக் குறைப்பதுதான் முதல் சிகிச்சை.

மூன்றாவது, எனக்கு மிகவும் கவலை தருவது: இதயத்தமனி தவறான இடத்தில் பிறப்பது. இதயத்தசைக்கு ரத்தம் தரும் இடது கரோனரி தமனி, மகாதமனியின் (உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) வலப்பக்கக் குழியிலிருந்து கிளம்பி, மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே புகுந்து வரும். ஓய்வில் ஒன்றும் தெரியாது. முழு வேகத்தில் ஓடும்போது, சாய்வாகப் பிறந்த அந்தப் பிளவு வாய் இறுகி ரத்த ஓட்டம் குறைகிறது. ஈசிஜி நார்மல். பல நேரங்களில் டிரெட்மில் டெஸ்ட்கூட நார்மல். எக்கோ எடுப்பவர் இரண்டு தமனிகளும் எங்கே பிறக்கின்றன என்று குறிப்பாகத் தேடினால்தான் தெரியும், சந்தேகம் இருந்தால் சிடி ஆஞ்சியோ. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பிறவிக்குறையை அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பீட் மராவிச்சிடம் பார்த்தார்கள். அவருக்கு இடது கரோனரி தமனியே இல்லை. அந்தக் குறையோடேயே பத்து ஆண்டுகள் தொழில்முறைப் போட்டிகளில் ஆடினார். 1988இல், 40 வயதில், நண்பர்களோடு ஆடும்போது சரிந்தார். இவ்வளவு நாள் நன்றாக ஆடினார் என்பது இதயம் சரியாக இருக்கிறது என்பதற்கு ஆதாரமே அல்ல.

பிறகு, வடிவத்தில் ஒரு குறையும் இல்லாமல் மின்னோட்டத்தில் மட்டும் கோளாறு உள்ள இதயங்கள். க்யூடி என்பது கீழறைகள் மின்னளவில் தூண்டப்பட்டுப் பழைய நிலைக்குத் திரும்ப ஆகும் நேரம், ஈசிஜியில் அளப்பது. அது நீளும் நீண்ட க்யூடி கோளாறு சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு. இதன் முதல் வகை நீச்சலில் தாக்கும், இரண்டாம் வகை அலாரம், தொலைபேசி மணி போன்ற திடீர்ச் சத்தத்தில், மூன்றாம் வகை உறக்கத்தில். நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் காரணமின்றி நீரில் மூழ்கினால் அந்தக் குடும்பம் முழுவதற்கும் ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும். துடிப்புக்கு ஏற்பத் திருத்திய க்யூடி ஆண்களில் 470, பெண்களில் 480 மில்லிநொடியை எட்டினால் மேல் விசாரணை தேவை. 500ஐ எட்டிவிட்டால் தெளிவு கிடைக்கும்வரை களத்துக்கே வரக்கூடாது. மெஷின் போடும் எண்ணை நம்பாமல் கையால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சிபிவிடி என்று சுருக்கமாகச் சொல்லும் நோய் இன்னும் மோசமாக ஒளிந்திருக்கும். ஓய்வில் ஈசிஜி நார்மல், எக்கோ நார்மல். டிரெட்மில்லில் துடிப்பு ஏறும்போதுதான் கீழறைத் துடிப்புகள் கூட்டமாகக் கிளம்பும். ஓடும்போது மயங்கி விழுந்த பிள்ளைக்கு ஓய்வு ஈசிஜி மட்டும் எடுத்து அனுப்பிவிடுவது ஏன் தவறு என்பதற்கு இந்த ஒரு நோயே போதும். டபிள்யூபிடபிள்யூ எனப்படும் கூடுதல் மின்பாதை ஈசிஜியில் டெல்டா அலையாகத் தெரியும், பெரும்பாலும் வடிகுழாய் வழியே சுட்டு முழுமையாகக் குணப்படுத்திவிடலாம்.

பிறவியோடு தொடர்பில்லாதவை இரண்டு. ஒன்று மயோகார்டைட்டிஸ், வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வரும் இதயத்தசை அழற்சி. காய்ச்சலோடும் உடல்வலியோடும் கடும் பயிற்சி செய்வது ஆபத்து. மூக்கு ஒழுகல் மட்டும் என்றால் லேசாக ஓடலாம், ஆனால் காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படபடப்பு இருந்தால் முழு ஓய்வு. அழற்சி உறுதியானால் வழக்கமாக 3 முதல் 6 மாதம் போட்டி கிடையாது. திரும்பும் முன் ட்ரோபோனின் (இதயத்தசைச் சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), எக்கோ, 24 மணி நேர ஹோல்டர் (உடலில் மாட்டிக்கொள்ளும் ஈசிஜி), டிரெட்மில் டெஸ்ட்.

மற்றது கமோஷியோ கார்டிஸ். முற்றிலும் ஆரோக்கியமான இதயத்தின் மேல், டி அலை உச்சிக்குச் சற்று முன்னால் இருக்கும் 20 மில்லிநொடி அளவு இடைவெளியில், நெஞ்சின் இடப்பக்கம் பந்தோ முழங்கையோ மோதினால் ஃபிப்ரிலேஷன், அதாவது கீழறைகளின் அந்த நடுக்கம், தொடங்கிவிடும். விலா எலும்பு உடைய வேண்டியதில்லை. விலங்குச் சோதனைகளில் மணிக்கு 64 கி.மீ. வேகப் பந்துதான் அதிக ஆபத்தாக இருந்தது. நெஞ்சுக்கூடு இன்னும் இறுகாத சிறுவர்களே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். 2023 ஜனவரி 2 அன்று அமெரிக்கக் கால்பந்து வீரர் டமார் ஹாம்லின் மோதியபின் எழுந்து நின்றுவிட்டுத்தான் சரிந்தார். "எழுந்துவிட்டானே, அடி பலமில்லை" என்று யாரும் நினைக்க வேண்டாம். நெஞ்சால் பந்தைத் தடுக்காதே, திரும்பிக்கொள் என்று சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.


விளையாட்டு_மருத்துவம்:

மேலே எழுதியவற்றோடு உடன்படுகிறேன், வரிசையைப் பற்றி மட்டும் ஒரு திருத்தம். பழைய அமெரிக்கப் பதிவேட்டில் தசைத் தடிப்பு நோய்தான் முதலிடம், மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பின்னாளில் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் என்று எடுத்த கணக்குகளில் அடிக்கடி வந்த விடை வேறு: பிரேதப் பரிசோதனையில் இதயம் வடிவத்தில் நார்மல். அதாவது மின்கோளாறாக இருந்திருக்க வேண்டும். இது வெறும் எண் விளையாட்டல்ல. எக்கோவில் அழகாகத் தெரியும் நோயை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் பெரிய பங்கை விட்டுவிடுவோம்.

எவ்வளவு அரிது என்பதும் யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கக் கல்லூரி வீரர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 53,000 பேருக்கு ஒருவர் இப்படி இறக்கிறார். அதே கணக்கில் முதல் டிவிஷன் ஆண்கள் கூடைப்பந்தை மட்டும் பிரித்தால் 5,200 பேருக்கு ஒருவர்! பெண்களைவிட ஆண்களுக்கு ஆபத்து பல மடங்கு.

இனி "ஈசிஜி நார்மல் என்றால் போதுமா" என்ற கேள்வி. இத்தாலி 1982இல் சட்டம் போட்டு எல்லாப் போட்டியாளர்களுக்கும் ஈசிஜியோடு ஆண்டுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. வெனெட்டோ பகுதியில் இறப்பு விகிதம் லட்சத்துக்கு 3.6இலிருந்து 0.4 ஆகக் குறைந்ததாகக் கணக்கு வந்தது. ஆனால் இஸ்ரேலில் 1997இல் கட்டாயமாக்கிய பிறகு எடுத்த ஆய்வில் முன்னும் பின்னும் வித்தியாசமே இல்லை. ஆக, ஈசிஜி வீண் என்றும் சொல்ல முடியாது, அதுவே காப்பு என்றும் சொல்ல முடியாது.

நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டியது இங்கிலாந்துக் கால்பந்துக் கழகங்களின் கணக்கு. 20 ஆண்டுகளில் 11,168 இளைஞர்களுக்கு உடல் பரிசோதனை, ஈசிஜி, எக்கோ மூன்றும் செய்தார்கள். 42 பேரிடம் உயிர்போக்கக்கூடிய இதயநோய் தெரிந்தது. பிற்பாடு இதயக் கோளாறால் இறந்தவர்கள் 8 பேர். அந்த எட்டில் ஆறு பேருக்குப் பரிசோதனையில் எல்லாம் நார்மல். பரிசோதனைக்கும் சாவுக்கும் சராசரி இடைவெளி ஏழு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. தசைத் தடிப்பு பல நேரங்களில் பருவ வயதில்தான் வளரத் தொடங்குகிறது. 16 வயதில் எடுத்த ரிப்போர்ட் 22 வயதுக்குச் செல்லாது. வளரும் வயதில் ஒரே ஒருமுறை எடுத்துவிட்டு அந்தக் காகிதத்தைக் கோப்பில் போட்டு வைப்பதில் பயனில்லை.

மலிவானதும் பலரும் ஒழுங்காகச் செய்யாததும் கேள்வி கேட்பதுதான். "இதயப் பிரச்சினை ஏதாவது உண்டா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றே எழுதுவார்கள். இப்படிக் கேளுங்கள்: ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டியதா, விழுந்தாயா? மற்றவர்களைவிட முன்னதாக மூச்சு வாங்குகிறதா? ஓடும்போது மட்டும் நெஞ்சில் அழுத்தம் வந்து நின்றதும் போகிறதா? குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் திடீரென்று இறந்தார்களா, நீரில் மூழ்கியோ தனியாக வாகனம் ஓட்டும்போதோ? தொட்டிலில் குழந்தை இறந்திருக்கிறதா? மருந்துக்கு அடங்காத வலிப்பு யாருக்காவது இருக்கிறதா? கடைசி இரண்டும் முக்கியம், வலிப்பு என்று ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவர்களில் சிலருக்கு உண்மையில் நீண்ட க்யூடி இருக்கும். இந்தக் கேள்விகளைப் பெற்றோரை வைத்துக்கொண்டு கேளுங்கள். அணியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்ற பயத்தில் பிள்ளைகள் மறைப்பார்கள்.

உயரமாக, கைகால் நீண்டு இருப்பவர்களை மார்ஃபான் கோளாறுக்காக (உடலின் இணைப்புத் திசு பலவீனமாக இருக்கும் மரபுநோய்) தனியாகப் பாருங்கள். கட்டைவிரலை உள்ளே மடக்கி மூடினால் நகம் முழுவதும் முஷ்டிக்கு வெளியே வருகிறதா, விரித்த கைகளின் நீளம் உயரத்தைவிட 1.05 மடங்குக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். அங்கே கிழிவது மகாதமனி. 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற கைப்பந்து வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 1986இல் ஜப்பானில் ஆட்டத்தின் நடுவே இறந்தது இதனால்தான்.


தடகள_கோச்:

மிக்க நன்றி டாக்டர், இருவருக்கும். இரண்டு சந்தேகம். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் தலைசுற்றி விழுபவர்கள் நிறைய. அவர்களையும் இதயநோயாளி என்றே எடுத்துக்கொள்வதா? அடுத்தது, எக்கோவில் சுவர் தடிப்பு 13 மி.மீ. என்று வந்தால் அது நோயா, பயிற்சியின் விளைவா? களத்தில் யாராவது சரிந்தால் செய்ய வேண்டியதையும் யாராவது எழுதினால் உதவியாக இருக்கும்.


முதலுதவிப்_பயிற்சி:

களத்தில் செய்ய வேண்டியதை நான் எழுதுகிறேன், மற்ற இரண்டையும் டாக்டரிடமே விட்டுவிடுகிறேன்.

மனதில் பதிய வைக்க வேண்டிய விதி ஒன்றுதான். யாரும் மோதாமல் ஒரு வீரர் சரிந்து, கூப்பிட்டால் பதில் இல்லை என்றால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அது இதய நிறுத்தம். நெஞ்சில் அடிபட்டு விழுந்தாலும் அதே. நேரம் வீணாவது பெரும்பாலும் இரண்டு காட்சிகளால். ஒன்று, விழுந்தவரின் கைகால் சில நொடி வெட்டி இழுக்கும். வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவி கொடுக்கவும் வாயைத் திறக்கவும் ஓடுகிறார்கள். மற்றது, மீன் வாய் திறப்பதுபோல விட்டுவிட்டு வரும் மூச்சு. அது மூச்சல்ல. அதைப் பார்த்து "மூச்சு இருக்கிறது" என்று காத்திருப்பவர்கள் உயிரைக் கைவிடுகிறார்கள். நாடி தேடவும் வேண்டாம், பதற்றத்தில் தன் விரலின் துடிப்பையே அவர் நாடி என்று எண்ணிவிடுவோம்.

தோளைத் தட்டிப் பாருங்கள், பதில் இல்லையா, மூச்சு இயல்பாக இல்லையா, உடனே ஒருவர் ஆம்புலன்ஸ் அழைக்க, ஒருவர் ஏஇடி (இதயத்துக்கு மின் அதிர்ச்சி, அதாவது ஷாக், கொடுக்கும் தானியங்கிக் கருவி) எடுக்க ஓட, மூன்றாமவர் நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ., ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். களைப்பு தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடும், அழுத்துபவருக்கே அது தெரியாது. அவரைத் தூக்கி நிழலுக்கோ வாகனத்துக்கோ கொண்டுபோகாதீர்கள். விழுந்த இடத்திலேயே.

ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அதனால் விழுந்ததிலிருந்து 3 நிமிடத்துக்குள் முதல் ஷாக் என்று திட்டமிடுங்கள். போய்வரும் நேரத்தையும் சேர்த்துத்தான் அந்த 3 நிமிடம். களத்தின் தூர மூலையிலிருந்து ஓடிப் போய், பெட்டியை எடுத்து, திரும்பி வந்து, கடிகாரத்தில் பாருங்கள். பூட்டிய அலுவலக அறையில் ஏஇடி இருந்தால் அது இல்லாததற்குச் சமம். வெயிலில் நிற்கும் வாகனத்திலும் வைக்கக் கூடாது, பொதுவாக இந்தக் கருவிகளுக்கு 50 டிகிரிதான் மேல் எல்லை, பேடுகளின் பசையும் காய்ந்துவிடும். பேடுக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு, மாதம் ஒருமுறை பச்சை விளக்கையும் தேதியையும் பார்த்து எழுதி வையுங்கள். பெட்டியோடு கத்தரிக்கோல், துண்டு, ரேஸர் மூன்றும் கட்டி வைக்க வேண்டும். சட்டையை வெட்டுங்கள், உள்ளாடையையும் வெட்டத் தயங்க வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தயக்கத்தாலேயே பேடு தாமதமாகிறது. வியர்வையைத் துடைத்தபின் ஒரு பேடு வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாவில். ஷாக் கொடுத்ததும் எழுகிறாரா என்று பார்த்து நிற்காமல் உடனே அழுத்துங்கள். "ஷாக் தேவையில்லை" என்று கருவி சொன்னால் பிழைத்துவிட்டார் என்று அர்த்தமல்ல, அசைவோ இயல்பான மூச்சோ வராதவரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்தபோது நடந்தது இவ்வளவுதான். உடனே அழுத்தினார்கள், ஒரே ஷாக்கில் திரும்பினார். 2012 மார்ச்சில் இங்கிலாந்தில் ஆடிய கால்பந்து வீரர் ஃபாப்ரிஸ் முவாம்பாவின் இதயம் 78 நிமிடம் நின்றிருந்தது. அழுத்தத்தை விடாததால் அவரும் பிழைத்தார். நெஞ்சில் பந்து பட்ட விபத்துகளில் முன்பு பத்தில் ஒருவர்தான் பிழைத்தார், இப்போது பாதிக்கு மேல். நோய் மாறவில்லை, ஷாக் சீக்கிரம் கிடைக்கிறது.

வெயில் நாளில் விழுந்தவர் உளறிக்கொண்டு, மூச்சும் இருந்து, உடல் கொதித்தால் அது வெப்பத் தாக்கு. உள் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் இருக்கும். அவரைப் பனிநீரில் கழுத்துவரை அமிழ்த்திக் குளிரவைத்த பிறகுதான் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மயக்கத்தில் மூச்சு நின்றால் மேலே எழுதியதுதான்.


இதயவியல்_மருத்துவர்:

விழுந்த நேரத்தைப் பற்றிய கேள்வி நல்ல கேள்வி. கோட்டைத் தாண்டி நின்ற பிறகு விழுவது பெரும்பாலும் தீங்கற்றது. ஓடும்போது கால் தசைகள் ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகின்றன. சட்டென்று நின்றால் ரத்தம் கால்களிலேயே தேங்கி மூளைக்குக் குறைகிறது. படுக்கவைத்துக் காலைத் தூக்கினால் ஒரு நிமிடத்துக்குள் தெளிவார். நிற்காமல் நடந்துகொண்டே இருக்கப் பழக்குங்கள். ஓட்டத்தின் நடுவே, முன்னறிவிப்பின்றி, கையை ஊன்றக்கூட நேரமில்லாமல் முகம் அடிபட விழுந்தால் அது வேறு. அன்றே பயிற்சியை நிறுத்தி ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் டெஸ்ட், தேவைப்பட்டால் சிடியோ எம்ஆர்ஐயோ முடியும்வரை திரும்பக் கூடாது. "தண்ணீர் குடிக்கவில்லை, அதனால்தான்" என்ற விளக்கத்தை ஏற்காதீர்கள்.

13 மி.மீ. பற்றி. ஆண்களுக்கு 12 மி.மீ. வரை இயல்பு, 15ஐ எட்டினால் நோய் என்றே தொடங்குவோம், நடுவில் இருப்பது குழப்பப் பகுதி. அங்கே மற்ற அளவுகள் பேசும். இடது கீழறையின் உள்விட்டம் 55 மி.மீ.க்கு மேல் விரிந்து, துடிப்புகளுக்கு நடுவே தசை நன்றாகத் தளர்ந்தால் பயிற்சி இதயம். 45க்குக் கீழே சுருங்கி, சுவர் ஒரு பக்கம் மட்டும் தடித்து, டி அலையும் தலைகீழாக இருந்தால் நோயின் பக்கம். எம்ஆர்ஐயில் தழும்பு தெரிகிறதா, பெற்றோரின் எக்கோ எப்படி என்று பார்க்க வேண்டும். அப்போதும் தெளிவில்லை என்றால் 3 மாதம் பயிற்சியை முழுதாக நிறுத்தி மறுபடி அளப்போம். பயிற்சியால் தடித்தது மெலியும், நோயால் தடித்தது அப்படியே இருக்கும். அந்த 3 மாதம் போட்டிக் காலத்தில் வந்தால் பெரிய இழப்புதான், தெரியும். ஆனாலும் கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கு 11 மி.மீ.க்கு மேலேயே கவனம் தேவை, ஆண்களுக்கான எண்ணை அவர்களுக்குப் போட வேண்டாம்.

நோய் உறுதியானால் எல்லோரையும் ஒரேயடியாக விலக்கிய காலம் மாறிவருகிறது. எந்த நோய், எவ்வளவு தழும்பு, மயக்கம் வந்ததா, குடும்பத்தில் சாவு உண்டா என்று பார்த்து, வீரரும் குடும்பமும் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள். எரிக்சன் உடலுக்குள் பொருத்திய டிஃபிப்ரிலேட்டரோடு (தேவைப்படும்போது தானே ஷாக் கொடுக்கும் கருவி) மறுபடி ஆடினார், ஆனால் இத்தாலியில் அந்தக் கருவியோடு ஆட அனுமதி இல்லாததால் வேறு நாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர் வில்வித்தையிலோ துப்பாக்கி சுடுதலிலோ இருந்தால் அது ஊக்கமருந்துப் பட்டியலில் வரும், முன்கூட்டியே சிகிச்சை விலக்கு வாங்க வேண்டும்.

மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரைகளையும் கவனியுங்கள். நீண்ட க்யூடி உள்ளவருக்கு அசித்ரோமைசின், வாந்திக்குக் கொடுக்கும் ஒன்டான்செட்ரான், பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல் எல்லாமே க்யூடியை இன்னும் நீட்டும். வயிற்றுப்போக்கால் பொட்டாசியமும் இறங்கியிருந்தால் இரட்டை ஆபத்து. அதிக காஃபீன் உள்ள பயிற்சிக்கு முந்தைய பவுடர்கள், அனபாலிக் ஸ்டீராய்டு இரண்டும் வேண்டவே வேண்டாம்.

ஒன்று விட்டுப்போனது. யாராவது இப்படி இறந்துவிட்டால், அந்தத் துயரத்தின் நடுவிலும் பிரேதப் பரிசோதனையின்போது மரபணுச் சோதனைக்காக ரத்தமோ மண்ணீரல் துண்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அடக்கம் முடிந்த பிறகு அது கிடைக்காது. பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் முழுதாகப் பரிசோதிக்க வேண்டும். ஃப்ளோ ஹைமன் இறந்த பிறகுதான் அவருடைய சகோதரருக்கும் மார்ஃபான் இருப்பது தெரிந்து, மகாதமனி கிழிவதற்கு முன்பே அறுவை சிகிச்சை செய்தார்கள்.